படகுக்கும் வண்டிக்கும் ஒரே ஜி.பி.எஸ். போதுமா?

புதுச்சேரி நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் சென்றால், காலாப்பட்டுக்குச் சற்று முன்னால் பிள்ளைச்சாவடி என்ற மீனவர் கிராமம் வரும். அங்கே ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவிடம் ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. மாமா சிறு வண்டியில் மீன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு திண்டிவனம், விழுப்புரம் என்று போய் வருகிறார். நீங்கள் பத்தாம் வகுப்பு மாணவர். பள்ளியின் இயற்கைக் குழுவோடு அவ்வப்போது வெளியே சுற்றப் போகிறவர்.

ஒரு நாள் அப்பா உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறார்: “பழைய ஜி.பி.எஸ். பழுதாயிடுச்சு. புதுசு ஒண்ணு வாங்கணும். மாமா வண்டிக்கும் அதுவே ஆகுமா? நீதான் படிக்கிற புள்ளையாச்சே, பார்த்துச் சொல்லு.”

என்ன பதில் சொல்வீர்கள்? கடைக்குப் போனால் பல வகைக் கருவிகளைக் காட்டுவார்கள். எல்லாவற்றின் மேலும் ஜி.பி.எஸ். என்றே எழுதியிருக்கும். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்து முடிவு செய்வதைவிட, பெட்டிக்குள் இருப்பது என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வது நல்லது.

கருவிக்குத் தெரிந்த ஒரே விஷயம்

மூடுபனி சூழ்ந்த ஒரு காலைப் பொழுதில் நீங்கள் கடலில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கரையோரக் கிராமம் ஒன்றில் சரியாக 6 மணிக்கு ஒரு வேட்டு வெடிக்கிறார்கள். சத்தம் உங்கள் காதுக்கு 6 மணி 10 விநாடிக்கு வருகிறது. ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்லும். ஆகவே அந்தக் கிராமத்திலிருந்து நீங்கள் 3,400 மீட்டர் தொலைவில் இருக்கிறீர்கள். ஆனால் எந்தத் திசையில்? அது தெரியாது. அந்தக் கிராமத்தை மையமாக வைத்து வரைந்த ஒரு வட்டத்தின் மேல் எங்கோ இருக்கிறீர்கள். இன்னொரு கிராமத்திலும் வேட்டு வெடித்தால் இரண்டாவது வட்டம் கிடைக்கும். மூன்றாவது வேட்டும் வெடித்தால் மூன்று வட்டங்களும் ஒரே புள்ளியில் சந்திக்கும். அதுதான் நீங்கள் இருக்கும் இடம்.

ஜி.பி.எஸ். கருவி செய்வதும் இதுவே. கிராமங்களுக்குப் பதில் செயற்கைக்கோள்கள். ஒலிக்குப் பதில் வானொலி அலை. செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் ‘நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இன்னது’ என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அலை விநாடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் வேகத்தில் பாய்வதால், நேர் உச்சியில் உள்ள செயற்கைக்கோளிலிருந்து கீழே வர ஒரு விநாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். நேரத்தை அளப்பதில் பத்து லட்சத்தில் ஒரு விநாடி பிசகினாலும் தூரம் 300 மீட்டர் பிசகிவிடும். அதனால்தான் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்களை வைத்திருக்கிறார்கள்.

சரி, அப்பா கையில் இருக்கும் சிறு கருவியில் அணுக்கடிகாரம் உண்டா? கிடையாது. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரமே உண்டு. அதன் பிழையைக் கண்டுபிடித்துக் கழிப்பதற்காக நான்காவது செயற்கைக்கோள் ஒன்றின் உதவியும் தேவைப்படுகிறது. குறைந்தது நான்கு வேண்டும் என்று சொல்வதன் காரணம் இது. (ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கைக்கு மீன்பிடி படகில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி: அந்த உயரத்தில், அந்த வேகத்தில், செயற்கைக்கோளின் கடிகாரம் நமது கடிகாரத்தைவிட நாளொன்றுக்கு ஒரு விநாடியின் பத்து லட்சத்தில் 38 பங்கு வேகமாக ஓடும். அதைத் திருத்தாமல் விட்டால் பிழை ஒரே நாளில் 10 கிலோமீட்டருக்கு மேல் சேர்ந்துவிடும்.)

ஆக, கருவிக்குத் தானாகத் தெரிந்தது தன் அட்சரேகையும் தீர்க்கரேகையும் உயரமும் நேரமும் மட்டுமே. பிள்ளைச்சாவடி என்றால் ஏறக்குறைய 12 டிகிரி வடக்கு, 79 டிகிரி 51 நிமிடம் கிழக்கு. அது மணலா, தார்ச்சாலையா, கடலா என்பது அதற்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் யாராவது ஒரு வரைபடத்தை உள்ளே ஏற்றி வைத்திருக்க வேண்டும். வண்டிக்கான கருவியும் படகுக்கான கருவியும் பிரிகிற இடம் இந்த வரைபடம்தான்.

யாருடைய செயற்கைக்கோள்கள்?

ஜி.பி.எஸ். அமெரிக்க இராணுவம் தன் தேவைக்காக உருவாக்கியது. முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது. 1983இல் வழி தவறிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்த கொரியப் பயணி விமானம் ஒன்று சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பிறகே இவ்வமைப்பைப் பொதுமக்களும் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கா அறிவித்தது. ஆயினும் பொதுமக்களுக்கான அலையில் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தார்கள். 100 மீட்டர் வரை தவறு வரும். அந்தக் கலப்படம் 2000ஆம் ஆண்டு மே மாதம் நிறுத்தப்பட்டது.

இன்று ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ ஆகியவையும் உள்ளன. நமது நாட்டின் நாவிக் அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையிலும் ஏழாவது 2016 ஏப்ரலிலும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறின. இறக்குமதி செய்த அணுக்கடிகாரங்கள் சில பழுதாகி அதற்குச் சோதனை வந்தது. 2023இல் ஏவிய என்.வி.எஸ்.-01இல் நம் நாட்டிலேயே செய்த கடிகாரம் இருக்கிறது. கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இங்கிருந்து கிடைக்கிறது: இந்தக் கருவி எத்தனை நாடுகளின் செயற்கைக்கோள்களைக் கேட்கும்? எண்ணிக்கை கூடினால், மரமோ சுவரோ சிலவற்றை மறைத்தாலும் மற்றவை கைகொடுக்கும்.

மாமாவின் சாலை

மாமா வண்டியை எடுத்துக்கொண்டு புதுச்சேரி நகருக்குப் போகட்டும். வேடிக்கையைப் பாருங்கள். பிள்ளைச்சாவடி புதுச்சேரியைச் சேர்ந்தது. சற்றுத் தெற்கே வந்தால் பொம்மையார்பாளையம், அது தமிழ்நாடு. கோட்டக்குப்பம் வரை தமிழ்நாடு. பிறகு மறுபடியும் புதுச்சேரி. ஒரே சாலையில் கொஞ்ச தூரத்துக்குள் ஒரு மாநிலத்தை விட்டு வெளியே போய் மறுபடியும் உள்ளே வந்துவிடுகிறார். வானத்திலிருந்து வரும் அலைக்கு இந்த எல்லையெல்லாம் ஒரு பொருட்டே அன்று. எல்லையும் சாலைப் பெயரும் திருப்பமும் ஒருவழிப் பாதையும் வரைபடம் சொல்லும் செய்திகள்.

வண்டிக்கான கருவி ஒரு தந்திரம் செய்கிறது. வண்டி சாலையில்தானே போகும்? ஆகவே கணக்கிட்ட இடம் சாலைக்குப் பத்து மீட்டர் தள்ளி விழுந்தாலும், ‘இது பிழை’ என்று தானே முடிவு செய்து புள்ளியை இழுத்துச் சாலையின் மேல் உட்கார வைத்துவிடும். நகரின் நெருக்கமான தெருக்களில் அலைகள் சுவரில் மோதி எதிரொலித்து வருவதால் பிழை அதிகம். அங்கே இந்தத் தந்திரம் மிகவும் பயன்படுகிறது. ஆனால் சாலையே இல்லாத இடத்தில்? அருகில் ஏதாவது ஒரு சாலையைத் தேடி அதில் புள்ளியை ஒட்டப் பார்க்கும், அல்லது வெறும் வெள்ளைத் திரையில் ஒரு அம்புக்குறியைக் காட்டிக்கொண்டு நிற்கும். ‘முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்’ என்று இனிய குரலில் சொல்லத் தெரிந்த கருவிக்கு, கடலில் சொல்வதற்கு ஒரு சொல்லும் இல்லை.

அப்பாவின் கடல்

படகில் நிற்பவரின் கண்மட்டம் நீரிலிருந்து 2 மீட்டர் என்று கொள்வோம். பூமி உருண்டையாக இருப்பதால் அவருக்கு அடிவானம் 5 கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும். கரையில் 15 மீட்டர் உயரத் தென்னை நின்றால் அதன் உச்சி 19 கிலோமீட்டர் வரை தெரியலாம். அதுவரை நம் மீனவர்கள் கோயில் கோபுரம், கலங்கரை விளக்கம், மரக்கூட்டம் ஆகியவற்றை ஒன்றோடொன்று நேர்கோட்டில் பொருத்திப் பார்த்தே மீன் கிடைக்கும் பார்களைத் துல்லியமாகக் கண்டுபிடித்துவந்தார்கள். நட்சத்திரத்தையும் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கில் கொண்டார்கள். இது சாதாரண அறிவு அன்று. நாம் பள்ளியில் படிக்கும் வடிவியல்தான், தாளில்லாமல் செய்தது. ஆனால் தென்னை உச்சியும் மறைந்த பிறகு நேர்கோடு போட எதுவும் இல்லை.

அந்த இடத்தில் அப்பாவுக்கு வேண்டியது சாலை வரைபடம் அன்று. வலை போட்ட இடத்தை ஒரு ‘பாயிண்ட்’ ஆகக் குறித்து வைக்க வேண்டும். அடுத்த வாரம் அதே இடத்துக்குப் போகத் திசையும் தூரமும் வேண்டும். படகு வந்த தடம் முழுவதும் தானாகப் பதிவாக வேண்டும்.

இந்தத் தடம் ஏன் அவ்வளவு முக்கியம்? ‘வீட்டுக்குப் போ’ என்று அழுத்தினால் பெரும்பாலான கருவிகள் நேர்கோடு ஒன்றைப் போட்டுக் காட்டும். நேர்கோட்டின் நடுவில் கொட்டிய பாறாங்கற்கள் இருந்தாலும் மணல் திட்டு இருந்தாலும் அதற்குத் தெரியாது. பிள்ளைச்சாவடியில் இன்னொரு தொல்லையும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் அணைகள் கட்டியதிலிருந்து, தெற்கிலிருந்து வடக்கே கரையோரமாக நகர்ந்து வரும் மணல் தடைப்பட்டது; வடக்கே உள்ள கிராமங்களின் கரையைக் கடல் அரித்துவருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் ‘படகுத்துறை’ என்று கருவியில் குறித்த எண் இன்னும் மாறாமல் இருக்கும். அந்த எண் குறிக்கும் மணல் இப்போது நீருக்கடியில் இருக்கலாம். ஆகவே நேர்கோட்டைவிட, அன்று காலை பத்திரமாகப் போன தடத்தின் மீதே திரும்பி வருவது மேல். ‘வந்த வழியே திரும்பு’ என்ற வசதி கருவியில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

மற்றொன்று. எஞ்சின் நின்று படகு மிதக்கும்போது திரையில் உள்ள அம்பு எதைக் காட்டுகிறது? படகின் மூக்கு நோக்கும் திசையை அன்று. நீரோட்டம் இழுத்துப் போகும் திசையை. இரண்டு விநாடிகளில் இடம் எவ்வளவு மாறியது என்பதை வைத்தே சாதாரண ஜி.பி.எஸ். திசை கண்டுபிடிக்கிறது. அசையாமல் நிற்பவருக்கு அதனால் திசை சொல்ல முடியாது. கருவிக்குள் மின்னணு திசைகாட்டி இருந்தால் சொல்லும். இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பழைய காந்தத் திசைகாட்டி ஒன்றைப் படகில் போட்டு வைக்கச் சொல்லுங்கள். அதற்கு மின்கலமும் வேண்டாம்.

உங்கள் செம்மண் ஓடை

உங்கள் இயற்கைக் குழுவை மறந்துவிடவில்லை. பொம்மையார்பாளையத்துப் பக்கம் மழைநீர் அறுத்த செம்மண் ஓடைகளைப் பார்த்திருப்பீர்கள். பள்ளத்துக்குள் இறங்கிவிட்டால் எந்தத் திருப்பமும் ஒன்றுபோலவே இருக்கும். முந்திரித் தோப்பும் அப்படித்தான். திருவக்கரைக் கல்மரங்களைப் பார்க்கப் போனாலும், கழுவேலியில் பறவைகளை எண்ணப் போனாலும், சாலையை விட்டு இறங்கிய பிறகு நீங்கள் அப்பாவின் நிலையில்தான் இருக்கிறீர்கள். நேர்கோட்டில் திரும்பினால் ஓடையின் செங்குத்தான கரையில் போய் நிற்பீர்கள். உங்களுக்கும் வேண்டியது பாயிண்ட், தடம், வந்த வழியே திரும்புதல். வெளிப்பயணமும் கடற்பயணமும் ஒரே இனம். தனித்து நிற்பது மாமாவின் வண்டிதான்.

ஒரே எண், மூன்று எழுத்து

இனி நான் சொல்லப்போவது கருவி வாங்குவதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. அப்பா படகு பழுதாகி நிற்கும் இடத்தைக் கரைக்குச் சொல்கிறார். அந்த இடத்தை மூன்று விதமாக எழுதலாம்:

12 டிகிரி 05 நிமிடம் 24 விநாடி வடக்கு, 80 டிகிரி 03 நிமிடம் 36 விநாடி கிழக்கு.
12 டிகிரி 05.400 நிமிடம் வடக்கு, 80 டிகிரி 03.600 நிமிடம் கிழக்கு.
12.0900 டிகிரி வடக்கு, 80.0600 டிகிரி கிழக்கு.

மூன்றும் ஒரே இடம். இங்கே நிமிடம் என்பது டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். மீனவர்களின் கருவியில் பெரும்பாலும் இரண்டாவது முறையே இருக்கும். கைப்பேசி வரைபடம் மூன்றாவது முறையில் காட்டும். இப்போது அப்பா ‘பன்னிரண்டு, பூஜ்யம் ஐந்து நான்கு’ என்று சொல்ல, கரையில் இருப்பவர் அதை 12.054 என்று கைப்பேசியில் தட்டுகிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12.054 டிகிரி என்பது 12 டிகிரி 03.24 நிமிடம். வடக்கு தெற்கில் மட்டும் 2.16 நிமிடம், அதாவது 4 கிலோமீட்டர் தவறு. தீர்க்கரேகையையும் அப்படியே தட்டினால் மொத்தத் தவறு ஏறத்தாழ 5 கிலோமீட்டர். தேடிப் போகும் சிறு படகுக்கு அடிவானமே 5 கிலோமீட்டர்தான் என்று முன்பே பார்த்தோம் அல்லவா? கருவி சரியாக இருந்தும், செயற்கைக்கோள்கள் சரியாக இருந்தும், உதவி வேறிடத்துக்குப் போய்விடும். எந்த முறையில் காட்டுவது என்பதைக் கருவியின் அமைப்புப் பகுதியில் மாற்றலாம். வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளையும் ஒரே முறைக்கு மாற்றி வைத்துவிடுங்கள். சொல்லும்போது ‘டிகிரி’, ‘நிமிடம்’ என்ற சொற்களை விழுங்காமல் சொல்லப் பழக்குங்கள்.

அது கேட்கும், பேசாது

“ஜி.பி.எஸ். வைத்திருக்கிறோம்; நாம் எங்கே இருக்கிறோம் என்று கடலோரக் காவல் படைக்குத் தெரியும்.” இப்படி நம்புகிறவர்கள் பலர். இது தவறு. ஜி.பி.எஸ். கருவி வானொலிப் பெட்டியைப் போன்றது. நீங்கள் பாட்டுக் கேட்பது நிலையத்தாருக்குத் தெரியுமா? அதேபோல் நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக் கடலில் ஒக்கிப் புயல் வந்தபோது ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. தாங்கள் இருந்த இடத்தை அறிந்த படகுகளும் அவற்றுள் இருந்தன. ஆனால் அந்த இடம் கரைக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர்.

கரையில் இருப்பவருக்குச் செய்தி சொல்ல நமது வட்டாரத்தில் முன்பே நல்ல முயற்சி நடந்திருக்கிறது. 1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினத்தில் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குள் போய்விட்ட படகுக்கு அந்தக் குரல் எட்டாது. கைப்பேசிக் கோபுரத்தின் வீச்சும் கரையிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். ஒக்கிக்குப் பிறகு, 2019இல், ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனத்தின் எச்சரிக்கைகளை ‘ககன்’ செயற்கைக்கோள் வழியே வாங்கிக் கைப்பேசிக்குத் தரும் ‘ஜெமினி’ என்ற கருவியை அறிமுகம் செய்தார்கள். அதுவும் கேட்கும் கருவியே. இருவழியும் பேசக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024இல் தொடங்கியது. இதைப் பற்றி அப்பாவை மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். ஜி.பி.எஸ். வாங்கிவிட்டதால் இது வேண்டாம் என்று ஆகாது. கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554ஐக் கருவியின் முதுகில் பெயிண்டால் எழுதி வைக்கலாம்.

அப்பாவுக்கு என்ன சொல்வது?

படகுக்கும் வண்டிக்கும் ஒன்றே வேண்டும் என்றால், சாலை வரைபடத்தையும் ஏற்றிக்கொள்ளக்கூடிய கைக்கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றின் திரை சிறியது. ஓடும் வண்டியில் அதைக் குனிந்து பார்ப்பது ஆபத்து. வண்டிக்கான கருவியைப் படகில் வைப்பதோ அதைவிட மோசம்: பெரிய திரை மின்சாரத்தை விழுங்கும், உப்புநீர் உள்ளே புகும்.

என் யோசனை இது. மாமாவிடம் கைப்பேசி இருக்கிறது. அதிலேயே ஜி.பி.எஸ். இருக்கிறது. செல்லும் வட்டாரத்தின் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துவிட்டால் கோபுரம் இல்லாத இடத்திலும் அது வழிகாட்டும். (கோபுரம் இல்லாவிட்டால் கைப்பேசியின் ஜி.பி.எஸ். நின்றுவிடும் என்பதும் ஒரு மூடநம்பிக்கை. முதலில் இடம் பிடிக்கத்தான் சற்றுத் தாமதமாகும். செயற்கைக்கோள் தன் இருப்பிட விவரத்தை விநாடிக்கு 50 துணுக்குகள் என்ற ஆமை வேகத்தில் அனுப்புவதால், அதை முழுதாகக் கேட்க அரை நிமிடமாவது வேண்டும்.) ஆகவே காசை வண்டிக்குச் செலவிட வேண்டாம். வழி தவறினால் மாமா வண்டியை ஓரமாக நிறுத்தி டீக்கடையில் கேட்டுக்கொள்வார். அப்பாவுக்குக் கடலில் டீக்கடை இல்லை. கடலுக்கு ஏற்ற கைக்கருவியை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பா கடலுக்குப் போகாவிட்டால் செம்மண் ஓடைக்கு நீங்கள் எடுத்துக்கொண்டு போகலாம்.

கடையில் பார்க்க வேண்டியவை அதிகமில்லை. கருவியை வெயிலில் கொண்டுபோய்ப் பாருங்கள், திரை தெரிகிறதா? ஐ.பி.எக்ஸ்.7 என்ற குறி இருந்தால் 1 மீட்டர் நீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். தண்ணீரில் விழுந்தால் மிதக்குமா என்று தனியாகக் கேளுங்கள். நீர் புகாததெல்லாம் மிதக்காது. கடையில் கிடைக்கும் பென்சில் பேட்டரியில் ஓடுவது நல்லது, ஏனெனில் கடலில் சார்ஜ் போட முடியாது. மாற்றுப் பேட்டரிகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்துக்கொள்ளலாம். பொத்தான்களை ஈரக் கையால் அழுத்த முடிகிறதா என்று பாருங்கள். தொடுதிரைக்கு ஈரக் கை ஆகாது.

செய்து பாருங்கள்

கருவி எவ்வளவு துல்லியமானது என்பதை நீங்களே சோதிக்கலாம். டிகிரியை ஐந்து தசம இடம் வரை காட்டுமாறு கருவியையோ கைப்பேசியையோ அமைத்துக்கொள்ளுங்கள். பள்ளி மைதானத்தின் நடுவில் ஒரு கல்லின் மேல் வைத்து, 5 நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணைக் குறித்து 20 அளவுகள் எடுங்கள். கடைசித் தசம இடத்தில் ஒன்று கூடினால் வடக்கே 1.1 மீட்டர் நகர்ந்ததாகப் பொருள். கிழக்கு மேற்கிலும் நமது ஊரில் ஏறக்குறைய அதே அளவுதான். வரைபடத்தாளில் 1 மில்லிமீட்டருக்கு ஒன்று என்று 20 புள்ளிகளையும் வையுங்கள். கல் அசையவில்லை, புள்ளிகள் மட்டும் சிதறியிருக்கும். அதே சோதனையை வகுப்பறைச் சுவரை ஒட்டி ஒருமுறையும், அடர்ந்த மாமரத்தின் கீழ் ஒருமுறையும் செய்து, வேறு வேறு வண்ணத்தில் அதே தாளில் குறியுங்கள். எந்த வண்ணம் அதிகம் பரவியிருக்கிறது என்று பார்த்து, காரணத்தை ஆசிரியரோடு விவாதியுங்கள். பிறகு அந்தத் தாளை அப்பாவிடம் காட்டி, அவர் பாயிண்ட் குறித்த இடத்தில் வலை எவ்வளவு தள்ளிக் கிடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.